'ப்ளூ டான்யூப்' முதல் நாளில் ஊத்திக்கொண்டதா? கேள்விகளும் பதில்களும்

வியன்னா இசையமைப்பாளர் ஜோஹான் ஸ்ட்ராஸ் (அதே பெயருள்ள அப்பா இல்லை, மகன்) 1867-இல் கொண்டுவந்த 'அழகிய நீல டான்யூப் கரையில்' என்ற வால்ட்ஸ் (மூன்று அடித் தாளத்தில் போகும் நடன இசை) பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், முதல் நாள் படுதோல்வி என்றுதான் எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மைகூட இல்லை. 1867 பிப்ரவரி 15, வியன்னாவில் டயானாபாட் அரங்கம். ரசிகர்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள், இன்னொரு தடவை பாடினார்கள், அவ்வளவுதான் நடந்தது. ஸ்ட்ராஸ் பாட்டென்றால் ஒன்ஸ்மோர் மேல் ஒன்ஸ்மோர் போவது அந்த ஊர் வழக்கம் என்பதால், ஒன்றோடு நின்றதையே பின்னால் வந்தவர்கள் தோல்வி என்று எழுதி வைத்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகைகள் நன்றாகவே எழுதின. அப்புறம், 'பாட்' என்றால் ஜெர்மனில் குளியல். அது நிஜமாகவே ஒரு நீச்சல்குளக் கட்டடம், குளிர்காலத்தில் குளத்தின் மேல் பலகை போட்டு மூடி நடனக்கூடமாக்கிவிடுவார்கள்.

"பாடினார்கள்" என்கிறீர்களே? இது வாத்திய இசைதானே?

இங்கேதான் கதையே இருக்கிறது. வியன்னா ஆண்கள் பாடகர் சங்கத்துக்கு ஒரு பாட்டுத் தருவதாக ஸ்ட்ராஸ் 1865-லேயே வாக்குக் கொடுத்திருந்தார், அதற்காகச் செய்தது இது. 1866 ஜூலையில் கோனிக்ரேட்ஸ் சண்டையில் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடம் ஆஸ்திரியா செமத்தியாக அடி வாங்கியிருந்தது, அடுத்த ஆண்டு திருவிழாக் காலம் வந்தபோது ஊரில் யாருக்கும் ஆட்டம்பாட்டத்தில் மனசில்லை. சங்கத்துக்கு வேடிக்கைப் பாட்டு எழுதிக் கொடுப்பவர் ஜோசப் வைல், காவல் துறையில் வேலை. அவர் அந்தச் சோர்வையே கிண்டலாக்கினார். "வியன்னாக்காரர்களே, சந்தோஷமாக இருங்கள்!" என்று ஒரு குரல். "ஓஹோ, எதற்கு?" என்று பதில். "வெளிச்சம் தெரிகிறது பாருங்கள்!" "எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே!" இப்படியே போய், "திருவிழா வந்தாச்சு!" என்றதும் "ஓ, அப்படியா, சரி சரி" என்று முடியும்.

இப்போது அந்த மெட்டை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். கீழிருந்து ஸ, க, ப என்று ஏறிப்போய் நிற்கும், உடனே மேலே இரண்டு இரண்டாகச் சின்னச் சுரங்கள் 'டிங்டிங், டிங்டிங்' என்று விழும். அந்த டிங்டிங்தான் "ஓஹோ, எதற்கு?". இன்றைக்கு அரச மாளிகைக் காட்சிக்கெல்லாம் பின்னணியில் போடுகிறார்கள், பிறந்தபோது அது நக்கல்!

அன்றைக்கு நடத்தியது ஸ்ட்ராஸா?

இல்லை, ருடால்ஃப் வைன்வூர்ம். ஸ்ட்ராஸும் அவர் குழுவும் அரண்மனை நடன நிகழ்ச்சியில் வாசிக்கப் போயிருந்தார்கள். அதனால் டயானாபாடில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் 42-ஆம் காலாட்படைப் பிரிவின் பேண்ட்.

அண்ணா, நான் வியன்னா போனபோது பார்த்தேன், டான்யூப் பச்சையாகத்தான் ஓடுகிறது. நீலம் எங்கே?

கவிதையில். கார்ல் பெக் என்ற கவிஞரின் ஒரு பாடலில் 'அழகிய நீல டான்யூப் கரையில்' என்ற வரி திரும்பத் திரும்ப வரும், தலைப்பு அங்கிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால் வைல் எழுதிய பாட்டில் ஆறு வரவே வராது. ஆறும் நீலமும் பாட்டுக்குள் வந்தது 20 வருஷத்துக்கும் மேல் கழித்து, ஃபிரான்ஸ் கெர்னெர்த் வேறு வரிகள் எழுதியபோது.

அப்போ வாத்திய வடிவம் எப்போது? பாரிஸில்தான் ஹிட் ஆனது என்கிறார்களே?

மூணே வாரத்தில், 1867 மார்ச் 10, வியன்னா ஃபோக்ஸ்கார்ட்டன் பூங்காவில். பாரிஸ் விஷயம் சரிதான். அந்த ஆண்டு அங்கே உலகக் கண்காட்சி. ஆஸ்திரியத் தூதரின் மனைவி இளவரசி பவுலின் மெட்டர்னிக் ஆதரவில் ஸ்ட்ராஸ் அங்கே போய்க் கொடிகட்டிப் பறந்தார். அவர் கையில் இருந்த குழு பெஞ்சமின் பில்ஸேயுடையது, பிரஷ்யாக்காரர்கள்! யாரிடம் தோற்றதால் ஊர் சோர்ந்து கிடந்ததோ அவர்களை வைத்தே அந்த வால்ட்ஸைப் பாரிஸில் வாசித்துக் காட்டினார். (பின்னால் 1882-இல் இதே பில்ஸே குழுவிலிருந்து பிரிந்தவர்கள் ஆரம்பித்ததுதான் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்.) அப்புறம் லண்டன். 1872-இல் பாஸ்டன் விழாவில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடத்தினார், 100 துணை நடத்துநர்கள், ஆரம்பிக்க பீரங்கி வெடி என்று அவரே பின்னால் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அது இசையா கூத்தா என்பது என் சந்தேகம்.

மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். வால்ட்ஸ் என்றால் 'தகிட' தானே? வியன்னா குழு வாசிப்பதற்குத் தாளம் போட்டால் இடிக்கிறதே, ஏன்?

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. மூன்று அடியையும் அவர்கள் சமமாக வைப்பதில்லை. இரண்டாவது அடி ஒரு மயிரிழை முன்னாலேயே விழும், மூன்றாவதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். 'த கி ட' என்று அளந்து சொல்லாமல் 'தகி, ட' என்று சொல்லிப் பாருங்கள், பிடிபடும். இதை நோட்டில் எழுத முடியாது. வேறு ஊர்க் குழுக்கள் முயன்றால் பெரும்பாலும் நொண்டியடிப்பதுபோல் ஆகிவிடுகிறது. முன்னுரைப் பகுதிக்குத் தாளம் போடாதீர்கள். அங்கே வயலின்கள் மெலிதாக நடுங்கிக்கொண்டிருக்க, ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் அந்த ஸ, க, ப-வை மட்டும் தூரத்திலிருந்து காட்டும். சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

இசையமைப்பாளர் ப்ராம்ஸுக்கு இதைக் கேட்டு வயிற்றெரிச்சல் என்று படித்தேன்...

எரிச்சல் இல்லை, ஏக்கம். ஸ்ட்ராஸ் வீட்டுப் பெண் ஒருவர் விசிறியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, இந்த வால்ட்ஸின் முதல் சில சுரங்களை எழுதி, கீழே 'துரதிர்ஷ்டவசமாக, யோஹான்னஸ் ப்ராம்ஸ் எழுதியதல்ல' என்று போட்டுக் கொடுத்தார். இருவரும் நல்ல சிநேகிதர்கள். 1894-இல் இஷல் ஊரில் ஸ்ட்ராஸ் வீட்டுத் தாழ்வாரத்தில் சேர்ந்து நிற்கும் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ப்ராம்ஸ் எட்டு வயது இளையவர், ஆனால் அந்த வெள்ளைத் தாடியோடு ஸ்ட்ராஸுக்கு அப்பா மாதிரி நிற்பார். ஸ்ட்ராஸ் கடைசிவரை முடிக்கும் மீசைக்கும் கறுப்புச் சாயம் பூசிய ஆள்.