ஆண்டு விழாவும் பென்டிரைவும்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் இருக்கிறேன். மகள் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆண்டு விழா. காடுகளைக் காப்போம் என்று ஒரு நடனம் வைத்தார்கள், அதில் அவளுக்கு மரம் வேஷம். உடை வாடகை 800 ரூபாய் கட்டினோம். இரண்டு மாதமாகக் கடைசி இரண்டு பீரியடும் ஒத்திகைதான், பாடமே ஓடவில்லை. கடைசியில் மேடையில் அவளை மூன்றாவது வரிசையில் நிறுத்திவிட்டார்கள். நான் எடுத்த வீடியோவில் அவளுடைய ஒரு கையும் ரெண்டு இலையும்தான் தெரிகின்றன. வீட்டுக்கு வந்து அழுதுவிட்டாள். நன்றாக ஆடும் பிள்ளைகளை மட்டும் முன்னால் நிறுத்துவது நியாயமா? அடுத்த வருடம் சேர்க்காமலே விட்டுவிடலாமா? தொடக்கப் பள்ளியில் இந்த ஆட்டம் பாட்டமெல்லாம் உண்மையிலேயே தேவைதானா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பாவமாக இருந்தது, இரண்டாம் தடவை கோபம் வந்தது. கோபம் எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

ஆட்டம் பாட்டம் தேவைதானா என்றால், தேவைதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆட்டம் வேறு படிப்பு வேறு என்று பிரித்து வைத்தது நாம்தான். பாடம் ஓடவில்லை என்ற கவலையை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்து வையுங்கள், அங்கே அது நிறையவே வேண்டியிருக்கும். மூன்றாவது வரிசையைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. நாற்பது பிள்ளைகள் ஏறும் மேடையில் யாராவது மூன்றாவது வரிசையில் நின்றுதான் ஆகவேண்டும். அதற்காக அந்த ஆசிரியையிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள், அவருடைய சம்பளம் என்னவென்று தெரிந்தால் நீங்களே போகமாட்டீர்கள்.

இதற்கு மட்டும் என்றால் நாலு வரி மின்னஞ்சலில் முடித்திருப்பேன். உங்கள் கடிதம் வந்த சமயம் நான் வேறொரு ஆண்டு விழாவை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். தங்கை மகன் மூன்றாம் வகுப்பு. அவன் பள்ளியில் கட்டபொம்மன் நாடகம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பிரமாதமான மேடை. பின்னால் எல்இடி திரையில் கோட்டை எரிகிறது, புகை வருகிறது, கட்டபொம்மன் வருகிறான், வாயைத் திறக்கிறான், ஒலிபெருக்கியிலிருந்து நாற்பது வயது ஆளின் குரல் இடிமாதிரி இறங்குகிறது. வசனம் முழுவதையும் ஸ்டுடியோவில் பதிவு செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். ஜாக்சன் துரைக்கு வாய் அசைவு கொஞ்சம் பிந்திப்போனது, யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாதியில் சத்தம் நின்றுவிட்டது. பென்டிரைவ் கோளாறோ வயர் கோளாறோ. மேடையில் பன்னிரண்டு பிள்ளைகள் வாளும் தொப்பியுமாக அப்படியே நிற்கின்றன. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த வசனம், ஒவ்வொன்றுக்கும் மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லும். ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. திறக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே. கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தில் நின்ற சிப்பாய் ஒருவன் மேடைக்குக் கீழே பார்த்து, "மிஸ், சவுண்டு நின்னுபோச்சு" என்றான். அந்த மூன்று மணி நேர விழாவில் நான் கேட்ட ஒரே குழந்தைக் குரல் அதுதான். வரவேற்புரையைப் பெரியவர்கள் பேசினார்கள், ஆண்டறிக்கையைப் பெரியவர்கள் படித்தார்கள், பாட்டை சினிமாப் பாடகர்கள் பாடினார்கள், வசனம் பென்டிரைவில் வந்தது, பிள்ளைகள் நடுநடுவே வந்து கையைக் காலை அசைத்துவிட்டுப் போனார்கள்.

சினிமாப் பாட்டு என்றதும் மூக்கைச் சுளிக்கும் கூட்டம் ஒன்று உண்டு, அதில் என்னைச் சேர்க்க வேண்டாம். குத்துப்பாட்டுக்கு ஆடும் ஆறு வயதுப் பையனைப் பார்த்துச் சந்தோஷப்படாதவனுக்கு உடம்பில் ஏதோ கோளாறு. என் சண்டை குரலைப் பற்றியது மட்டும்தான்.

நூறு வருடத்துக்கு முன்னால் இதே தமிழ்நாட்டில் முழுக்க முழுக்கச் சிறுவர்களே நடித்த நாடகக் கம்பெனிகள் இருந்தன. பாய்ஸ் கம்பெனி என்பார்கள். பின்னாளில் சினிமா நடிகர்களான பி.யு. சின்னப்பா, எம்.ஜி.ஆர். எல்லாரும் அங்கே வளர்ந்தவர்கள்தான். 1918இல் மதுரையில், நாடகங்கள் எழுதிப் புகழ்பெற்ற சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராக வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனி தொடங்கியது. அதில் சேர்ந்தபோது, பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது, உங்கள் மகளைவிடச் சின்னவர். அந்தப் பையனை மனதில் வைத்துத்தான் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதினார், அதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த ஒரே இரவு முக்கியமாகப் படவில்லை. அவ்வளவு பெரிய வாத்தியார் ஒரு சின்னப் பையனின் தொண்டை எவ்வளவு தூரம் போகும், நாக்கு எந்தச் சொல்லில் புரளும் என்று பார்த்துப் பாட்டும் வசனமும் கட்டியிருக்கிறாரே, அதுதான். மைக் வராத காலம். கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கவேண்டும் என்றால் பையன் சொந்தக் குரலில்தான் பாடிப் பேசியாக வேண்டும். மகரக்கட்டு உடைந்தால், அதாவது வயதுக்கு வந்து குரல் உடைந்தால், கதாநாயக வேஷமான ராஜபார்ட்டும் பெண் வேஷமான ஸ்திரீபார்ட்டும் கைவிட்டுப் போய்விடும், அந்த வயதை நெருங்கும் பையன்களுக்கு அதுதான் பெரிய பயம். கம்பெனி வாழ்க்கை ஒன்றும் சொர்க்கம் இல்லை. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள்தான் அதிகம், அடியும் உண்டு, வீட்டு ஏக்கமும் உண்டு. அதெல்லாம் திரும்பி வரவேண்டாம். ஆனால் அடித்து வேலை வாங்கிய அந்தக் கம்பெனிகூடப் பிள்ளையிடம் அவன் குரலைத்தான் கேட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு கொஞ்சி வளர்க்கும் இந்தப் பள்ளி, குரலை வீட்டிலேயே விட்டுவிட்டு வா, உடம்பை மட்டும் கொண்டுவா என்கிறது.

எங்கள் பள்ளி கரிசல்காட்டில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரு சாரும் ஒரு டீச்சரும். நாலாம் வகுப்பில் பாட்டி வடை சுட்ட கதையை நாடகமாகப் போட்டோம். டீச்சர் வசனம் எழுதித் தரவில்லை, "கதை தெரியும்ல, போய்ப் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். திண்ணைதான் மேடை. காக்கா நான்தான். சார்ட் அட்டையைச் சுருட்டி, சோற்றுப் பசை போட்டு ஒட்டி, அடுப்புக்கரி பூசிய மூக்கு. பசை காய்ந்து கன்னம் இழுத்துக்கொண்டே இருந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பாட்டி வேஷம் போட்டவனுடைய அம்மா நிஜமாகவே பஸ் நிற்கும் இடத்தில் வேப்பமரத்தடியில் வடைக்கடை வைத்திருந்தவர். அந்த அம்மாவின் பழைய சேலையையே கட்டிக்கொண்டு, கவிழ்த்த வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கதை அவனுக்கு மறந்துவிட்டது. கடை ஞாபகம் வந்துவிட்டது. "காசு இல்லேன்னா வடை இல்ல. போன வாரத்துக் கடனே நிக்குது. மேலத்தெரு மாமாவுக்கு ஆறு வடை, தலையாரி வீட்டுக்கு நாலு, இந்தா நிக்கிறாகளே சைக்கிள்கடைக்காரக, அவுகளுக்கு எட்டு" என்று அம்மா தினமும் ராத்திரி வாய்க்கணக்காகப் போடுவதை ஒரு பெயர் விடாமல் ஒப்பித்தான். கடன்காரர்கள் பூராவும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுவிட்டார், சிரிப்பா வெட்கமா தெரியவில்லை. கூட்டம் அடங்கவே இல்லை. நான் வடையைத் தூக்க மறந்து திண்ணை ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன், நரி வந்து என்னை இடித்து "டேய் தூக்குடா" என்றது. மறுநாளே பாதிக் கடன் வசூலாகிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

அவன் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பவன். அவனுக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது டீச்சருக்குக்கூட அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். பென்டிரைவில் போட்டிருந்தால் கதை சுத்தமாக முடிந்திருக்கும், காக்கா நேரத்துக்கு வடையைத் தூக்கியிருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் நினைவிருக்காது.

அரசுப் பள்ளிகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவரவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அங்கே சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன, தனியார் பள்ளிப் பெற்றோர்களாகிய உங்களுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் கிடையாது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. அந்த வகுப்பறைகளில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே எழுத எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை இருந்தது, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, மூக்கில்லாத பூனை, வீட்டைவிடப் பெரிய கோழி எல்லாம். யாரும் திருத்தாமல் தொங்கவிட்டார்கள், அது பெரிய விஷயம். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் பாடத்துக்குள் வந்துவிட்டன. கையில் ஒரு குச்சிப் பொம்மையைக் கொடுத்தால் போதும், பேசாத பிள்ளையும் பொம்மையின் பெயரைச் சொல்லிக்கொண்டு பேசிவிடும். அப்புறம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைப் போட்டிகள், கலைத் திருவிழா. முதலில் ஆறாம் வகுப்புக்கு மேல்தான் இருந்தது, 2024-25இல் ஒன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுதலும் களிமண் பொம்மை செய்தலும் வைத்தது நல்ல யோசனை. ஏழு வயதில் வட்டாரம், மாவட்டம் என்று போட்டியில் ஏற்றி இறக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. பெயர்ப்பட்டியலை எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் ஏற்றவே வாத்தியார்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது என்பதும் தெரியும். சரி, அது தனிக் கட்டுரைக்கான சண்டை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் வாடகை எவ்வளவு என்று இருக்கிறது, எத்தனை பீரியட் போனது என்று இருக்கிறது, எந்த வரிசை, வீடியோவில் எத்தனை இலை தெரிகிறது என்பதுகூட இருக்கிறது. மகள் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. அழுதுவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு அழுதாள்? கேட்டீர்களா? மூன்றாவது வரிசைக்காக என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள், வரிசைக் கணக்கெல்லாம் உங்களுக்கு வரும் வருத்தம். தெர்மாகோல் கிளை கழுத்தில் குத்தியிருக்கலாம். மதியத்திலிருந்து வேஷம் போட்டு உட்காரவைத்ததில் ஒன்றுக்குப் போக முடியாமல் தவித்திருக்கலாம், அந்த உடைகளை ஒரு பிள்ளை தனியாகக் கழற்ற முடியாது. பக்கத்து மரத்தோடு சண்டையாக இருக்கலாம். மேடையிலிருந்து அம்மாவைத் தேடியிருப்பாள், அம்மா முகம் இருக்கவேண்டிய இடத்தில் செல்போன் இருந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு எங்கள் வரிசையிலும் எல்லாரும் போனைத்தான் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

இன்றைக்கு ராத்திரி அவளிடம் அந்த மரம் என்ன மரம் என்று கேளுங்கள். பள்ளியில் சொல்லியிருக்கமாட்டார்கள், வெறும் மரம் என்றுதான் இருக்கும். அவளே ஒன்றைச் சொல்லட்டும். வேம்போ, புளியோ, உங்கள் தெருவில் நிற்கும் வாகையோ. அந்த மரத்தில் யார் ஏறுவார்கள், யார் காக்கா கூட்டைக் கலைத்தார்கள் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போவாள். குறுக்கே பேசாதீர்கள், பதிவும் செய்யாதீர்கள்.

அடுத்த வருடம் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேருங்கள். 800 ரூபாயையும் முனகாமல் கட்டுங்கள், வாடகைத் துணிக்கடைக்காரருக்கு ஜனவரி, பிப்ரவரிதான் சீசன். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, விழாவில் ஒரே ஒரு நிகழ்ச்சியாவது பென்டிரைவ் இல்லாமல் வேண்டும், பிள்ளைகளே பேசிப் பிள்ளைகளே திக்கட்டும் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஒத்துக்கொண்டார்களானால் எனக்கும் எழுதுங்கள், வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். சிறப்பு விருந்தினராக மட்டும் கூப்பிடச் சொல்லிவிடாதீர்கள். மைக் கையில் கிடைத்தால் நானும் முக்கால் மணி நேரம் பேசிவிடுவேன், அதுவரை அந்த மரங்கள் எல்லாம் திரைக்குப் பின்னால் பசியோடு நிற்கவேண்டியிருக்கும்.