மீட்டரைக் குறைத்தால் குற்றமா?

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வாங்கும்போது மீட்டரில் 42,000 கிலோமீட்டர். போன வாரம் சர்வீஸுக்கு விட்டேன், மெக்கானிக் பானெட்டுக்குள் ஒட்டியிருந்த பழைய ஆயில் ஸ்டிக்கரைக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, அதில் 97,000 என்று எழுதியிருக்கிறது. விற்றவரிடம் கேட்டால் "எனக்கு எப்படி வந்ததோ அப்படியே கொடுத்தேன்" என்கிறார். மீட்டரைக் குறைப்பது சட்டப்படி குற்றம்தானே? நான் யாரைப் பிடிப்பது?

பதில்: முதல் வேலையாக அந்த ஸ்டிக்கரைப் பிய்க்காமல், மீட்டரும் வண்டி எண்ணும் தெரிகிற மாதிரி தனித்தனியாகப் போட்டோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

குற்றமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1972இலிருந்தே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது: ஏமாற்றும் நோக்கத்தில் செய்தால் 3 ஆண்டு வரை சிறை, ஏமாந்தவர் தனியாக வழக்குப் போட்டால் நஷ்டத்தின் மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், இதில் எது அதிகமோ அது. ஜெர்மனியில் 2005 முதல் எண்ணைத் திரிப்பதே குற்றம், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு, அதற்கான மென்பொருளைத் தயாரித்து விற்பவரும் மாட்டுவார். பிரிட்டனில் கதை வேறு. மீட்டர் எண்ணை மாற்றுவது மட்டும் அங்கே குற்றமில்லை, மாற்றியதை மறைத்து விற்றால்தான் மோசடி. இந்தியாவில் ஓடோமீட்டருக்கென்று தனிப் பிரிவு இல்லை என்றாலும் பொய் எண்ணைக் காட்டிப் பணம் வாங்கியது ஏமாற்று வேலைதான், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு அதற்குப் பொருந்தும். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு 2 ஆண்டு அவகாசம்.

சரி, "அப்படியே கொடுத்தேன்" என்கிறாரே? அது உண்மையாகவும் இருக்கலாம். மூன்று கை மாறிய வண்டியில் எந்தக் கை குறைத்தது என்று நிரூபிப்பது பெரிய தலைவலி, கிரிமினல் வழக்குகள் அங்கேதான் படுத்துவிடும். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் "நீதான் குறைத்தாய்" என்று சண்டைக்குப் போக மாட்டேன். "42,000 என்று சொல்லி விற்றீர்கள், வண்டி அப்படி இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் அல்லது வித்தியாசத்தைக் கொடுங்கள்" என்று எழுத்தில் கேட்பேன். சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்பதற்கு யார் குறைத்தார் என்பது பல நாடுகளில் தேவையே இல்லை. விளம்பரத்தில் அல்லது பில்லில் அந்த 42,000 எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், விற்றவரோடு நடந்த மெசேஜ்களையாவது தேடிப் பாருங்கள்.

கேள்வி: பழைய முள் மீட்டரைத்தான் சுற்றிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். டிஜிட்டல் மீட்டரிலும் முடியுமா?

பதில்: அதில்தான் இன்னும் சுலபம். பழைய மீட்டரில் எண் உருளைகளைக் கையால் திருப்ப வேண்டும், கழற்றிய ஸ்க்ரூவில் கீறல் விழும், இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் கொஞ்சம் ஏறி இறங்கி நிற்கும். டிஜிட்டலில் அந்த எண் மீட்டர் போர்டில் உள்ள ஒரு மெமரி சிப்பில் கிடக்கிறது. பல வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகினால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், திரையில் ஒரு தடயமும் தெரியாது. ஓடும்போதே எண் ஏறாமல் தடுக்கிற சின்னப் பெட்டிகளும் உண்டு, அதில் பின்னால் குறைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் பல கார்களில் இதே கணக்கை இன்ஜின் கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், சிலவற்றில் சாவிகூட எழுதி வைத்துக்கொள்ளும். அவசரத்தில் மீட்டரை மட்டும் மாற்றியவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

கேள்வி: என் வண்டியின் மீட்டர் உண்மையாகவே எரிந்துபோனது. பழைய மீட்டர் ஒன்றை வாங்கிப் போட்டதில் வேறு எவருடைய கிலோமீட்டரோ காட்டுகிறது. இதைச் சரிசெய்தால் நானும் குற்றவாளியா?

பதில்: இல்லை. உண்மையான எண்ணைக் கொண்டுவருவதற்கும் பொய் எண்ணை வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அமெரிக்கச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த வழி: மாற்றிய மீட்டர் பழைய எண்ணையே காட்ட வேண்டும், அது முடியாவிட்டால் பூஜ்யமாக்கிவிட்டு, முன்பு இருந்த கிலோமீட்டரையும் மாற்றிய தேதியையும் எழுதி இடதுபக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மீட்டர் மாற்றிய பில்லில் பழைய எண்ணை எழுதி வாங்கி சர்வீஸ் புத்தகத்தோடு வையுங்கள், நாளைக்கு விற்கும்போது வாங்குபவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் பெடலைப் பார், ஸ்டீயரிங்கைப் பார் என்கிறார்கள்.

பதில்: பாருங்கள், ஆனால் ரொம்ப நம்பாதீர்கள். மீட்டரைக் குறைக்கத் தெரிந்தவருக்குப் பெடல் ரப்பர் மாற்றத் தெரியாதா? 30,000தான் ஓடியது என்கிற வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் அதுவே எனக்குச் சந்தேகம்.

நான் முதலில் பார்ப்பது டயர். அதன் பக்கவாட்டில் தயாரிப்பு தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னியின் தேதியையும் மற்ற நாலின் தேதியையும் ஒப்பிடுங்கள். ஸ்டெப்னி வண்டியோடு வந்தது, மற்ற நாலும் மூன்று வருடம் கழித்துச் செய்தது, ஆனால் மீட்டர் 30,000தான் என்றால், நாலு டயரும் ஏன் மாறின என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம், பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

அப்புறம் ஸ்கேனர், அதாவது அந்த ஓபிடி சாக்கெட்டில் செருகி வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி. சில வண்டிகளில் இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று படிக்க முடியும். 42,000 கிலோமீட்டருக்கு 3,500 மணி நேரம் என்று வந்தால் சராசரி மணிக்கு 12 கிலோமீட்டர், அது சைக்கிள் வேகம். நாள் முழுக்க நெரிசலில் நின்ற வண்டி என்றால் சரி, இல்லையென்றால் கணக்கு இடிக்கிறது.

எல்லாவற்றையும் விட பழைய காகிதங்கள்தான் பேசும். சர்வீஸ் பில், இன்ஸ்பெக்‌ஷன் சீட்டு, இன்சூரன்ஸ் கிளெய்ம், எதில் கிலோமீட்டர் எழுதியிருந்தாலும் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள், எங்கேயாவது எண் இறங்கினால் எழுந்து வந்துவிடலாம். பெல்ஜியம் இதையே சட்டமாக்கிவிட்டது: 2006 டிசம்பரிலிருந்து பழைய கார் விற்பவர் 'கார்-பாஸ்' என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும், ஒவ்வொரு முறை வொர்க்‌ஷாப்புக்குப் போனபோதும் பதிவான கிலோமீட்டர் அதில் வரிசையாக இருக்கும். பிரிட்டனில் வருடாந்திரப் பரிசோதனையில் பதிவான எண்ணை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தண்டனையைக் கூட்டுவதைவிட இது நல்ல வேலை என்பது என் கட்சி, ஏமாற்றுகிறவரைப் பிடிக்கவே வேண்டாம், எண் இறங்கினால் வண்டி விலைபோகாது.

பழைய காகிதம் எதுவுமே இல்லை என்று விற்பவர் சொன்னால், மீட்டரே இல்லாத வண்டி என்று நினைத்து விலை பேசுங்கள். டைமிங் பெல்ட், கியர் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மாற்ற வேண்டிய கெடு தாண்டிய பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கேள்வி: பெரிய சக்கரம் போட்டிருக்கிறேன், மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்கிறார்கள். இதுவும் மோசடியா?

பதில்: மோசடி இல்லை, கணக்கு. விட்டம் 5 சதவீதம் கூடினால் 100 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 95 என்று எழுதும். வேகத்தையும் குறைத்துத்தான் காட்டும் என்பதால் வேகக் கேமரா முன்னால் கவனம்.