காபோன் பணக்கார நாடுதான், ஆனா யாருக்குன்னு பாக்கணும் தம்பி

"காபோன் தலைநகர் லிப்ரவில் பக்கம் ப்ளைவுட் ஃபேக்டரில வேலை வந்திருக்கு, ஆப்பிரிக்காவுலயே தனிநபர் வருமானம் அதிகமுள்ள நாடுகள்ல ஒண்ணுன்னு போட்டிருக்கு, நம்பி வரலாமாண்ணே"ன்னு கேட்டிருந்தீங்க தம்பி. வந்து 11 வருஷம் ஆச்சு, தெரிஞ்சத சொல்றேன்.

அந்த வருமானக் கணக்கு பொய் இல்ல. மொத்த ஜனமே சுமார் 25 லட்சம்தான், போர்ட்-ஜென்டில் பக்கம் கடல்ல எண்ணெய், முவாண்டால மாங்கனீஸ், நாட்டுல 80 சதவீதத்துக்கு மேல காடு, இதையெல்லாம் தலைக்கு வகுத்தா பெரிய நம்பர் வரத்தானே செய்யும். ஆனா மூணுல ஒருத்தர் ஏழை. 1967லேர்ந்து அப்பாவும் மகனுமா போங்கோ குடும்பமே ஆண்டுச்சு, 2023 ஆகஸ்ட்ல ராணுவம் எறக்கிருச்சு, அதுக்குத் தலைமை தாங்கின ஒலிகி ங்கேமாதான் 2025 எலக்‌ஷன்ல ஜெயிச்சு இப்ப ஜனாதிபதி.

உங்க வேலையே எப்படி வந்துச்சுன்னா, 2010ல முழு மரமா ஏத்துமதி பண்ணக் கூடாதுன்னு தடை போட்டாங்க, உள்நாட்டுலயே அறுத்து, மெல்லிசா உரிச்சுதான் அனுப்பணும், அதுக்குன்னே என்கோக்ல தனி தொழில் ஸோன் போட்டாங்க. லிப்ரவில்லேர்ந்து 30 கிலோமீட்டருக்குள்ளதான். நம்மூர் ஆளுங்க நிறைய பேர் அங்கதான். ஒக்கூமேன்னு ஒரு மரம், லேசா ரோஸ் கலர், வெயிட்டே இருக்காது, ப்ளைவுட்டுக்குன்னே பொறந்த மாதிரி உரியும்.

செலவுதான் அடிக்கும். அரிசி, கோழி எல்லாம் கப்பல்ல வருது, தக்காளி வெங்காயம் கேமரூன்லேர்ந்து லாரில வருது, மழைல ரோடு கெட்டா வெலை ஏறிரும். இவ்ளோ நல்ல மண்ணு இருந்தும் ஏன் வெளைய வைக்கலன்னு எனக்கு இன்னும் ஆத்தாமைதான், எண்ணெய் காசு வந்ததும் ஜனமெல்லாம் டவுனுக்கு வந்துட்டாங்க. அதனால சம்பளத்த மட்டும் பாக்காதீங்க, ரூமும் மெஸ்ஸும் கம்பெனிதான்னு எழுதி வாங்குங்க. நான் வாங்கல, மொத வருஷம் ஊருக்கு பாதிகூட அனுப்ப முடியல. காசு சிஎஃப்ஏ ஃபிராங்க், 1 யூரோவுக்கு 655.957ன்னு கட்டி வெச்சிருக்காங்க, அதனால சம்பளக் காசு யூரோவுக்கு எதிரா லேசுல சரியாது, அது ஒரு நிம்மதி.

ஜனங்க நல்லவங்க, ஃபாங், புனு, ன்செபின்னு பல இனம், எல்லாருக்கும் பொது ஃபிரெஞ்சு. ஆனா "போன்ஜூர்"னு ஃபிரெஞ்சுல வணக்கம் சொல்லாம நேரா வெலை கேட்டீங்கன்னா மூஞ்சிய திருப்பிக்குவாங்க, எனக்கு ஒரு கடைக்கார அம்மா சில்லறையே குடுக்கல, நான் திரும்ப வெளிய போய் போன்ஜூர் சொல்லிட்டு உள்ள வந்தப்புறம்தான் சிரிச்சாங்க. ஃபாங் ஆளுங்ககிட்ட அவங்க பாஷைலயே "ம்போலோ"ன்னு வணக்கம் சொல்லிப் பாருங்க, முகமே மாறிரும். டாக்ஸில மீட்டர் கிடையாது, ஓரத்துல நின்னு போற எடத்தையும் குடுக்கிற காசையும் நீங்கதான் கத்தணும், ஒத்துக்கிட்டா ஹாரன் அடிப்பான், இல்லன்னா பேசாம போயிருவான்.

சாப்பாட்டுல மரவள்ளிய புளிக்க வெச்சு இலைல சுத்தி வேக வெச்ச குச்சி ஒண்ணு இருக்கு, வாடைக்கு மொத மாசம் ஓடுவீங்க, அப்புறம் மீனோட அதான் எறங்கும்.

மலேரியா சாதாரணம், கொசுவலை கொண்டு வாங்க. மஞ்சக் காய்ச்சல் ஊசி அட்டைய பெட்டில போட்டுராதீங்க, கைப்பையிலயே இருக்கட்டும், எறங்குனதும் அதத்தான் கேப்பாங்க.