ஐப்பசி இறுதியில் தேசியப் பூங்காவில் கூடாரமிட்டுத் தங்க எப்படித் திட்டமிடுவது?

நாகர்கோவிலைச் சேர்ந்த நண்பர்கள் நால்வர் ஐப்பசிக் கடைசியில் ஏதேனும் ஒரு தேசியப் பூங்காவில் கூடாரமிட்டுத் தங்க விரும்புவதாகவும், அது அமையாவிட்டால் கீரிப்பாறை, காளிகேசம் பக்கமே கூடாரம் அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைக்காடுகள் தேசியப் பூங்கா அல்ல. ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வனவிலங்குச் சரணாலயம். வனத்துறையின் அனுமதியின்றி அதற்குள் இரவு தங்குவது குற்றமாகும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, தமிழகத்தில் மலையேற்ற விதிகள் இன்னும் இறுகிவிட்டன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காளிகேசத்தில் தூறல்கூட இல்லாத நேரத்திலும், மேலே மலையில் பெய்த மழை ஆற்றில் திடீர் வெள்ளமாக வந்து இறங்கும் என்பதை உள்ளூர்க்காரர் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

என் பரிந்துரை தேக்கடி. 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தின் உட்பகுதி தேசியப் பூங்காவாகும். அங்கே கேரள வனத்துறை நடத்தும் 'டைகர் டிரெயில்' என்னும் நடைப்பயணத்தில் ஓரிரவோ ஈரிரவோ காட்டுக்குள் கூடாரத்தில் தங்கலாம். கூடாரத்தை அவர்களே தருகிறார்கள். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர் கூடவே வருவார். வழிகாட்டிகளாக வருபவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே காட்டில் திருட்டுத்தனமாக வேட்டையாடியவர்கள், மரமும் பட்டையும் கடத்தியவர்கள். யானைத் தடத்தை எட்டி நின்றே கண்டுகொள்ளும் அவர்களுடைய பழக்கத்துக்காகவே ஈரிரவுப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன். ஒரு குழுவில் மிகச் சிலரையே சேர்ப்பார்கள் என்பதால், முன்பதிவைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நாள் குறிப்பதில்தான் உண்மையான கவனம் தேவை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம்மவர்கள் சொல்வது வடகிழக்குப் பருவமழையைப் பற்றித்தான். ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதும் 2017 நவம்பர் 30 அன்றுதான் என்பதை நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. கார்த்திகை முதல் நாள், அதாவது நவம்பர் 16 அல்லது 17 அன்று, சபரிமலை மண்டல காலம் தொடங்கிவிடும். ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் தேக்கடியை ஒட்டிய குமுளி வழியாகவே பெருமளவில் செல்வதால் அறை வாடகை ஏறும். மலைப்பாதையில் ஒருவழிப் போக்குவரத்து வந்து, வண்டிகள் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிவிடப்படும். ஆகவே நவம்பர் முதல் பத்து நாட்களுக்குள், வார நாட்களாகப் பார்த்துக் குறிப்பது நல்லது. சொந்தக் காரைவிடப் பேருந்தே மேல் என்பது என் கருத்து: நாகர்கோவில் வடசேரியிலிருந்து மதுரை, அங்கிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி. முந்தைய நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிட்டால், காலையில் அவசரமின்றிக் காட்டுக்குள் நுழையலாம்.

எதை எடுத்துச் செல்வது என்று கேட்டால், குளிரைவிட ஈரத்தை நினைத்தே பையைக் கட்டுங்கள். தேக்கடி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் அந்தக் குளிருக்குப் போதும். ஆனால் ஒருமுறை நனைந்த துணி அந்தக் காற்றில் காயவே காயாது. இரவு உடுத்தும் துணிகளைத் தனியாகப் பாலித்தீன் பையில் கட்டி, எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைப் பிரிப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மழைக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை முழுவதும் மூடிவிட்டால், உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சுக்காற்றே குளிர்ந்த துணியில் நீர்முத்துகளாகப் படிந்து, விடியற்காலையில் முகத்தின் மேல் சொட்டத் தொடங்கும்; வெளியே மழை விட்டிருக்கும், உள்ளே பெய்துகொண்டிருக்கும். காற்று வந்து மோதாத பக்கத்தில் ஒரு கை அளவுக்காவது திறந்து வைக்க வேண்டும்.

அட்டைக்கு யாரும் தப்ப முடியாது. நம்மூரில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் செய்வதைப் போல, உப்பையோ புகையிலைத் தூளையோ கையில் வைத்துக்கொள்ளலாம். அட்டை ஏறாமல் தடுக்கும் நீளக் காலுறையைக் கேட்டு வாங்கி, கால்சட்டையை அதற்குள் செருகி, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டுங்கள். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைப் பக்கவாட்டில் நெம்பி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் வெகுநேரம் இரத்தம் கசியும். இரத்தம் உறையாதிருக்க அது செலுத்தும் பொருளே காரணம் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

விலங்குகளைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் காடு முழுவதும் நீர் இருப்பதால், கோடையில் வருவதைப் போல அவை ஏரிக்கரைக்குக் கூட்டமாக வருவதில்லை. யானைக் கூட்டத்தைக் காண்பதுதான் நோக்கம் என்றால், பயணத்தைப் பங்குனிக்குத் தள்ளிவையுங்கள்.

புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே, தேக்கடி இருக்கும் இடுக்கி மாவட்டத்துக்கான வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் காட்டுக்குள் விடமாட்டார்கள். எனவே பணத்தைக் கட்டும்போதே, அப்படி நேர்ந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவார்களா என்பதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.