இந்தக் காலத்துல போய் இண்டி பேண்டுங்க (பெரிய கம்பெனி இல்லாம சொந்தமா பாட்டு விடற குழுக்கள்) ஏன் கேசட்ல ஆல்பம் விடறாங்க? சும்மா ஸீனுக்கா?

ஏதோ ஒரு கிக்ல ஆசைப்பட்டு கேசட் வாங்கிட்டு, வீட்ல போட பிளேயர் இல்லாம கடுப்புல கேக்கறீங்கனு நினைக்கறேன், தப்பில்ல. ஆனா அந்த ‘ஸீன்’தான் சுருக்குனு இருந்துச்சு, ஏன்னா பெங்களூர்ல ரெண்டு மூணு சின்ன பேண்டுக்கு கேசட் பதிஞ்சு குடுக்கற ஆளே நான்தான்.

எங்கப்பா ஸ்ரீராமபுரத்துல ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தார். பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க, சி60ன்னா சைடுக்கு அரை மணி நேரம், ஆறு பாட்டு அடங்கும். கடையை மூடினப்புறமும் ஒரு கேசட்லருந்து இன்னொண்ணுக்குப் பதியற அந்த டபுள் டெக்கை மட்டும் விக்க விடல மனுஷன், எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கற எஸ்.பி. ரோட்ல பெல்ட் வாங்கி மாத்தி இப்ப அதுலதான் என் வேலை ஓடுது.

சவுண்டு சூப்பரா இருக்கும்னு நான் சொல்லவே மாட்டேன். டேப் அகலம் 4 மில்லிமீட்டர்கூட கிடையாது, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுது, உஸ்ஸுனு ஒரு சத்தம் கூடவே வரும். எங்க பேண்டுங்க வாசிக்கற டூம் மெட்டலுக்கு, அதான் மெதுவா கனமா உறுமற ராக் இசைக்கு, அது ஒண்ணும் பெரிய நஷ்டம் இல்லங்க.

விஷயம் என்னன்னா, வைனில்னா, அதான் அந்தக் கால இசைத்தட்டு, ஃபேக்டரிக்குப் போகணும், நூத்துக்கணக்குல போட்டாதான் கட்டுப்படியாகும். கேசட்டை முப்பது போட்டு, வித்துச்சுன்னா இன்னும் பத்து போட்டுக்கலாம், யார் கால்லயும் விழ வேணாம். ஸ்பாட்டிஃபைல 2024லருந்து 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீம் வராத பாட்டுக்கு ராயல்டியே இல்ல, பத்து கேசட் வித்தா பெட்ரோல் காசாவது கையில நிக்கும். உடனே ஸ்ட்ரீமிங்குக்கு எதிரியானு கமெண்ட்ல வராதீங்க, நானும் அதுலதான் பாட்டு கேக்கறேன், கேசட்டோட டவுன்லோட் கோடும் சேத்துதான் குடுக்கறோம்.

ஆனா வேலை பெண்டு கழட்டும். ஹை ஸ்பீடு டப்பிங்ல வேகமா காப்பி போட்டா ட்ரெபிள், அதான் கூர்மையான மேல் சத்தம், மங்கிடும், அதனால 40 நிமிஷ ஆல்பம்னா ஒவ்வொரு காப்பிக்கும் 40 நிமிஷம் ஓட விட்டே ஆகணும். அதுக்கு முன்னாடி ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சால டேப் உரசிப் போற ஹெட்டைத் தொடைச்சுட்டு, நல்ல கம்பெனி கேசட் ஒண்ணை ஓட விட்டு, ஹெட் பக்கத்துல இருக்கற குட்டி ஸ்க்ரூவை டிரம்ஸோட சிம்பல் தட்டு சத்தம் பளிச்னு வர்ற வரைக்கும் இம்மி இம்மியா திருப்பணும். பதிஞ்சு முடிச்சதும் மேல் ஓரத்து பிளாஸ்டிக் நாக்கை உடைச்சு விட்டுடணும், இல்லனா யாராவது அது மேலயே பதிஞ்சு வச்சிடுவாங்க. சண்டே பஜார்ல பழைய பக்திப் பாட்டு கேசட் வாங்கி, அந்த உடைச்ச ஓட்டைல செலோடேப் ஒட்டி அதுலயே ஆல்பம் போடற பசங்களும் இருக்காங்க. “முருகன் பாட்டு மேல பேய் கத்தற மாதிரி பதியாதடா”னு அப்பா திட்டுவார், அதனால நான் பிளாங்க் மட்டும்தான்.

சொல்லப்போனா பேண்டுக்கு நிஜ பிரச்சனை டேப்பே இல்ல, ஹவுஸ் ஓனருங்கதான். டிரம்ஸ் வாசிக்கறவன்னு தெரிஞ்சா இந்த ஊர்ல வீடு கிடைக்காது, கிடைச்சாலும் பத்து மாச அட்வான்ஸ், காலி பண்ணும்போது பெயிண்டிங்குனு சொல்லி ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கறது. பெயிண்ட் அடிச்சாங்களானு கேளுங்க. என் பழைய வீட்ல அடுத்து குடி வந்த பையன் நம்ம ஃபிரெண்டுதான், போய்ப் பாத்தா நான் போஸ்டர் ஒட்டின பசை மார்க்கு சுவத்துல அப்படியே இருக்கு. கேள்விக்கு சம்பந்தமில்லதான், தெரியும். இருந்தாலும் அந்தக் காசுக்கு எத்தனை பிளாங்க் கேசட் வாங்கியிருக்கலாம் சொல்லுங்க.