பாலிஷ் சாமான்: வெளிநாட்டில் என்ன பேர் சொல்லிக் கேட்பது?

ராயபுரத்தில் 32 வருஷமாக மரத்துக்கு பாலிஷ் போடுகிறேன். அதில் 9 வருஷம் வளைகுடாவில் போனது. மண்ணடியிலும் பாரிமுனையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய சாமானை அங்கே கடை கடையாகத் தேடியிருக்கிறேன். நம்ம பக்கத்திலிருந்து வெளியே போனவர்கள் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லண்டன், சொந்த ஊர் தண்டையார்பேட்டை: அண்ணா, தாத்தாவின் பர்மா தேக்கு சாய்வு நாற்காலியைக் கப்பலில் வரவழைத்தேன். பாலிஷ் மங்கிவிட்டது. கடையில் ஸ்பிரிட் கேட்டால் வைட் ஸ்பிரிட் கொடுத்தார்கள். அதுதானா?

அது இல்லை தம்பி. வைட் ஸ்பிரிட் பெட்ரோலிய வகை, நம்ம ஊர் டர்பன்டைன் மாதிரி. பாலிஷுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும், வைட் ஸ்பிரிட்டில் போட்டால் அடியில் மணலாக உட்கார்ந்திருக்கும். மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்று கேளுங்கள். ஊதா நிறத்தில் இருக்கும். யாரும் குடித்துவிடக் கூடாது என்று சாயம் கலந்திருக்கிறார்கள். தேக்குக்கு அந்த நிறம் தெரியாது.

நாற்காலியில் கை வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட்டில் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நிமிஷத்தில் பிசுபிசுத்தால் அது பழைய அரக்கு பாலிஷ். மேலேயே புதுசு போடலாம், சுரண்ட வேண்டியதில்லை. அசையாமல் இருந்தால் லேக்கர் தின்னர், அதாவது லேக்கர் என்ற பூச்சை இளக்குகிற திரவம், வைத்துப் பாருங்கள். அதில் இளகினால் லேக்கர். அதற்கும் அசையவில்லை என்றால் யாரோ நடுவில் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

நாம் அவலரக்கு என்பதை அங்கே ஷெல்லாக் ஃபிளேக்ஸ் என்பார்கள். அவல் மாதிரியே தட்டையாக, தேன் நிறத்தில் இருக்கும். பெரும்பாலும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டில் பூச்சி கட்டிய அரக்குதான் அது. ராஞ்சி பக்கம் நாம்கும் என்ற ஊரில் 1924-லேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்துவிட்டார்கள். 100 கிராம் அரக்குக்கு 400 மில்லி ஸ்பிரிட் ஊற்றி, கண்ணாடி பாட்டிலில் ராத்திரி முழுக்க விடுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், கறுத்துப்போகும். காலையில் பழைய மல் வேட்டித் துணியில் வடிகட்டிப் பஞ்சில் தொட்டுப் போடுங்கள். இரண்டாம் கை, அதாவது இரண்டாவது பூச்சு, போடும்போது பஞ்சு மரத்தில் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் நிறுத்திவிடுங்கள். அவசரப்பட்டால் முதல் கையே கிளம்பி வந்துவிடும்.

டொரான்டோ, கொருக்குப்பேட்டை: இங்கே ஸ்பிரிட் என்றால் மெத்தில் ஹைட்ரேட் காட்டுகிறார்கள். அப்புறம், கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த கட்டிலில் மூட்டுக்கு மூட்டு இடைவெளி விழுந்திருக்கிறது. மரம் மோசமா அண்ணா?

தங்கச்சி, மெத்தில் ஹைட்ரேட் மெத்தனால். அரக்கு அதில் கரையும், ஆனால் அது விஷம். தோல் வழியாகவும் ஏறும், கண்பார்வையே போய்விடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மரவேலைச் சாமான் மட்டும் விற்கிற கடையில் எத்தனால் ஸ்பிரிட் கேளுங்கள்.

மரத்தைக் குறை சொல்லாதீர்கள். கடற்கரை ஊர் ஈரத்தில் இருந்த மரம் அது. உங்கள் வீட்டில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்துவிடுகிறது. மரம் சுருங்கியிருக்கிறது. பட்டி வைத்து அடைக்காதீர்கள், கோடையில் மரம் விரியும்போது அது பிதுங்கி உதிரும். ஹீட்டர் பக்கத்திலிருந்து கட்டிலைத் தள்ளிப் போடுங்கள்.

நியூ ஜெர்சி, ராயபுரம் கல்மண்டபம்: தின்னர் எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இதில் நான் பட்டிருக்கிறேன். வளைகுடாவுக்குப் போன முதல் வருஷம், தின்னர் என்று கடையில் கொடுத்ததை முகர்ந்துகூடப் பார்க்காமல் லேக்கரில் ஊற்றினேன். வாளியில் தயிர் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகிவிட்டது. 14 கதவுக்குக் கலந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நம்ம ஊரில் பாலிஷ்காரர் தின்னர் என்றால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர். உங்கள் ஊரில் அதற்கு லேக்கர் தின்னர் என்று பெயர். வெறும் பெயின்ட் தின்னர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மினரல் ஸ்பிரிட். அது எண்ணெய் வார்னிஷுக்கும் எனாமலுக்கும்தான். டப்பாவின் முன்பக்கப் பெயரை விடுங்கள், பின்பக்கம் எதில் இளக்க வேண்டும், பிரஷ்ஷை எதில் கழுவ வேண்டும் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். அந்த ஒரு வரி போதும்.

உப்புத்தாள் நம்பரும் அங்கே மாறும். எண்ணுக்கு முன்னால் ‘பி’ இல்லாத அமெரிக்க 320, ‘பி’ போட்ட 400-க்குப் பக்கத்தில் வரும்.

சிங்கப்பூர், காசிமேடு: பூஜை மாடத்துக்கு அரக்கு பாலிஷ் போட்டேன். காமாட்சி விளக்கு வைத்த இடத்தில் வெள்ளை வட்டம்.

சூடும் ஈரமும் அரக்குக்கு ஆகாது. ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால், தொட்டதும் தொடாததுமாக, நாலைந்து தடவை தடவினால் அனேகமாகப் போய்விடும். ஆனால் தினம் விளக்கெரிகிற, அபிஷேகத் தண்ணீர் சொட்டுகிற தட்டுக்குப் பாலியூரித்தேன் என்கிற வார்னிஷ்தான் சரி. பக்கவாட்டிலும் கதவிலும் அரக்கு இருக்கட்டும், அந்தப் பளபளப்புக்கு ஈடு கிடையாது.

மெல்போர்ன், திருவொற்றியூர்: பொங்கலுக்கு வாசலில் கோலத்தைச் சுற்றி காவி பூச வேண்டும். இங்கே கிடைக்குமா? அம்மா ஊரிலிருந்து வரும்போது பாலிஷும் கொண்டுவரச் சொல்லட்டுமா?

சிமென்ட்டில் நிறம் சேர்க்க ரெட் ஐயர்ன் ஆக்ஸைடு என்று பொடி விற்பார்கள். அதுவும் இரும்பு ஆக்ஸைடுதான், நம்ம காவி நிறமே வரும். தேக்கின் கண்ணை, அதாவது நுண்துளைகளை, அடைக்கச் சாக் பவுடரோடு கலப்பதும் இதைத்தான், மீந்ததை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் நேராகத் தரையில் பூசாதீர்கள், சிமென்ட்டில் ஏறினால் போகாது. ஒரு பலகையில் பூசி வாசலில் வையுங்கள்.

ஸ்பிரிட், தின்னர், வார்னிஷ் எதையும் அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள். தீப்பற்றும் சாமான், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அவலரக்கை வேண்டுமானால் கடைப் பொட்டலமாகவே கொண்டுவரலாம். இறங்கும்போது கஸ்டம்ஸ் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அதே மெல்போர்ன் தம்பி: ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைத் துவைத்துத் திரும்ப எடுக்கலாமா?

வேண்டாம். சுருட்டிக் குப்பைக்கூடையிலும் போடாதீர்கள், காய்கிற சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கம்பியில் தனித்தனியாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.