மூன்றாவது முறை அவள் ஓடிக்கொண்டிருந்தாள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஏழு மாதத்தில் மூன்று முறை மயங்கி விழுந்துவிட்டாள். முதலில் பள்ளிப் பிரேயரில், வெயிலில் நின்றபோது. அடுத்தது விடியற்காலை அலாரம் அடித்ததும், படுக்கையிலேயே. மூன்றாவது, ஓட்டப் பயிற்சியில் பாதித் தூரத்தில். கை கால் வெட்டியது. அரை நிமிடத்தில் கண் திறந்து "தண்ணி தா" என்றாள். தலை ஸ்கேன், மூளை அலையைப் பார்க்கும் இ.இ.ஜி. இரண்டிலும் ஒன்றுமில்லை. ஒரு டாக்டர் வலிப்பு மாத்திரை தந்தார். இன்னொருவர் பயம்தான் என்கிறார். என் அம்மா மந்திரிக்கச் சொல்கிறார். 16 வயதில் என் தம்பி குளத்தில் மூழ்கி இறந்ததிலிருந்து அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். அவன் நன்றாக நீந்துகிறவன். நான் என்ன செய்வது?
- ஒரு தாய், குளச்சல் அருகே

பதில்: தம்பியைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த இரண்டு வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். இதுவரை உங்கள் டாக்டர்களிடம் அதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை மயங்கி விழுந்ததைச் சொல்லும்போது மாமன் குளத்தில் போனதை யார் சேர்த்துச் சொல்வார்கள்?

தலையைப் பார்த்துவிட்டார்கள். இதயத்தைப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. நாளைக்கே ஒரு இ.சி.ஜி. எடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தக்கலை அரசு மருத்துவமனையிலோ எடுக்கலாம், சில நிமிட வேலைதான்.

வெயிலில் வெகுநேரம் நின்று மயங்குவது பிள்ளைகளுக்குச் சகஜம். அது மட்டும் என்றால் காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள், தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். ஓடும்போது விழுவதும், திடீர்ச் சத்தத்தில் விழுவதும் வேறு. சிலருக்கு ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராக இதயம் கூடுதல் நேரம் எடுக்கும். 'நீண்ட க்யூடி' என்பார்கள். ஓட்டம், நீச்சல், அலாரம், ஏதாவது ஒன்றில் துடிப்பு தாறுமாறாகிவிடும். மூளைக்கு ரத்தம் போகாத அந்த நொடிகளில் கை கால் வெட்டும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்புதான். ஆனால் பெரிய வலிப்பு வந்த பிள்ளை பெரும்பாலும் உடனே தெளியாது, குழம்பியபடி தூங்கிப்போகும். உங்கள் மகள் உடனே தண்ணீர் கேட்டிருக்கிறாள். இந்தக் கோளாறு குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது.

உங்கள் மகளுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். இருந்தால் மாத்திரை உண்டு, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் போன்ற இடத்துக்குப் போங்கள். உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் சேர்த்தே இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

அதுவரை ஓட்டப்பந்தயம் வேண்டாம். குளம், வாய்க்கால், கடல் எதிலும் இறக்காதீர்கள். நம் ஊரில் லீவு நாளில் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தடுத்து வைப்பது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வேண்டாம். அலாரத்தை அவள் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். சளி, வாந்திக்கு மருந்து வாங்கும்போது டாக்டரிடம் இந்த மயக்கத்தைச் சொல்லுங்கள். அஸித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மறுபடி விழுந்தால் கையில் சாவி திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கூப்பிட்டு அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. அவளுடைய டீச்சருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், உங்கள் அம்மாவிடம் கோபப்படாதீர்கள். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி அன்று குதித்ததும் மூழ்கினானா, அதற்கு முன்பு எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறானா என்று மெதுவாகக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள்.